பெருந்தன்மைக் கோப்பை

பனிச்சறுக்கு மன்றத்தின் செயலாளர் வாழ்நாளில் முழுதாகப் படித்தது ஒரே ஒரு நாவல். அதுவும் சறுக்கு நடனம் பற்றிய சிறுவர் நாவலாக அமைந்தது பயிற்சியாளரின் தலையெழுத்து.

கடைசி அத்தியாயத்தில் எதிராளிச் சிறுமி வழுக்கி விழுகிறாள். கதாநாயகி தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறாள். பதக்கம் கைநழுவிப் போகிறது. செயலாளர் தேம்பித் தேம்பி அழுதார்.

"சார், போட்டியில ஒரு நேரத்துக்கு ஒருத்திதான் ஆடுவா. இன்னொருத்தி எங்கிருந்து வந்து விழுவா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"எழுதினவங்க யோசிக்காமலா எழுதுவாங்க? கருத்தைப் பாருங்கம்மா, கருத்தை!"

அந்த ஏட்டுச் சுரைக்காயை எல்லா மன்றத்துப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாக அனுப்பிவைத்தார். மன்றங்களுக்கிடையே நடக்கும் வருடாந்தரப் போட்டியில் பெருந்தன்மைக் கோப்பை என்று ஒன்றையும் அறிவித்தார். முதல் பரிசுக் கோப்பை ஒரு சாண் உயரம். இது இடுப்பளவு.

பயிற்சியாளரின் கவலை வேறு. மாலை நாலு முதல் ஆறு வரை பனித்தளம் அவருடைய மாணவிகளுக்கு. பள்ளிப் பிள்ளைகள் வர முடிந்த நேரம் அது ஒன்றுதான். அதன் மேல் ஹாக்கி மாஸ்டருக்கு வெகுநாளாகக் கண். ஹாக்கி மாஸ்டர், செயலாளரின் மருமகன். முதல் பரிசு வந்தால் நேரம் சறுக்கு நடனத்துக்கு, இல்லாவிட்டால் ஹாக்கிக்கு என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. பயிற்சியாளர் நம்பியிருந்தது பதினொரு வயதுப் பம்பரத்தை. சுழன்று சுழன்று ஆடியதில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கே மறந்துவிட்டது.

போட்டிக்கு முன், மன்றத்துக்கு ஒருத்தியாக வந்த ஆறு பேரும் ஒன்றாகத் தளத்தில் இறங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஆறு நிமிடம் உண்டு. விழவும் தூக்கவும் ஆள் கிடைக்கும் நேரம் அது மட்டும்தான் என்பதை அம்மாக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"யாராவது விழுந்தா நீதான் முதல்ல போகணும்," என்றாள் ஒரு தாய் தடுப்பின் மேல் சாய்ந்து.

"யாரும் விழலைன்னா?"

"பக்கத்துலயே சுத்து. விழாமலா போயிடுவாங்க!"

பம்பரத்தின் அம்மாவும் சளைத்தவள் அல்ல. "குதிக்கிறதை வருஷம் பூரா குதிச்சுக்கலாம்டி. இவ்வளவு பெரிய கோப்பை இன்னொரு தடவை வருமா?"

பம்பரம் பயிற்சியாளரைப் பார்த்தாள். "அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் குனிந்து அவளுடைய ஷூ நாடாவை இறுக்கினார். "உன் முன்னாடி விழுந்தா தூக்கு. இல்லைன்னா குதி."

தளத்தில் ஐந்து பேர் குதிக்கவே இல்லை. குதித்தால் விழ நேரும். விழுந்தால் கோப்பை தூக்கிவிடுகிறவளுக்குப் போய்விடும். குதித்தவள் பம்பரம் ஒருத்திதான். ஆகவே ஐந்து பேரும், கோழிக்குஞ்சின் மேல் வட்டமிடும் பருந்துகளைப் போல, கையை நீட்டியபடி அவள் பின்னாலேயே வந்தார்கள்.

மூன்றாவது குதிப்பில் பம்பரம் காலூன்றி நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர் காலில் ஒருவர் தடுக்கி மொத்தமாகக் குவிந்தார்கள்.

"விடு, நான் உன்னைத் தூக்கறேன்!"

"நீ பேசாம படு! நான்தான் தூக்குவேன்!"

பம்பரம் திரும்பி வந்தாள். "யாருக்காவது அடி பட்டுச்சா?"

"இல்ல, போ!" என்று ஐந்து குரல்.

"சரி," என்று சொல்லிவிட்டு நாலாவது முறை குதிக்கப் போனாள்.

போட்டி தொடங்கியது. உடம்பு சூடேறாத ஐந்து பேரும் குதித்த இடத்திலெல்லாம் விழுந்தார்கள். பம்பரம் விழவில்லை. முதல் பரிசு அவளுக்கு.

அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. அம்மாக்கள் செயலாளரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வீடியோ பாருங்க சார், என் பொண்ணு கைதான் முதல்ல பட்டது!"

"பட்டது கையில்ல, முழங்கை!"

"எல்லாருக்கும் அடி பட்டுச்சான்னு விசாரிச்சது யாரு? என் பொண்ணு!" என்றாள் பம்பரத்தின் அம்மா.

ஒருத்திக்குக் கொடுத்தால் மற்ற ஐந்து பேர் விடமாட்டார்கள். செயலாளர் தலையைச் சொறிந்தார். சொறிந்த இடத்திலிருந்து யோசனை பிறந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த முகத்தோடு மேடை ஏறினார்.

"ஜெயிச்ச பிறகும் விட்டுக்கொடுக்கிறதுதான் பெருந்தன்மை! சாயங்கால நேரத்தை ஹாக்கிப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கப்போற நம்ம பயிற்சியாளருக்கே இந்தக் கோப்பை!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஹாக்கி மாஸ்டர்தான் பலமாகத் தட்டினார். பயிற்சியாளரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கையில் கோப்பையைத் திணித்துவிட்டார்கள். முடியாது என்றால் இத்தனை பேர் முன்னால் அற்பத்தனம். சரி என்றால் நாளை முதல் பிள்ளைகளுக்குப் பனித்தளம் இல்லை.

அவர் மைக்கை வாங்கினார்.

"ரொம்ப நன்றி சார். விட்டுக்கொடுக்கணும், அவ்வளவுதானே? இதோ, இந்தக் கோப்பையை ஹாக்கி மாஸ்டருக்கே விட்டுக்கொடுக்கறேன். நேரம் மட்டும் எங்ககிட்டயே இருக்கட்டும்."

தட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் கோப்பையைச் செருகினார். கூட்டம் எழுந்து நின்றது. சில அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"மாமா..." என்று கோப்பைக்குப் பின்னாலிருந்து ஈனக்குரல் வந்தது.

மாமாவால் என்ன செய்ய முடியும்? ஊரே கைதட்டும்போது அவர் மட்டும் நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்?

பயிற்சியாளர் மேடையிலிருந்து இறங்கி, சாண் கோப்பையோடு நின்ற பம்பரத்தின் பின்னலைச் செல்லமாக இழுத்தார்.

"நாளைக்கு நாலு மணி. லேட்டா வந்தே, தெரியும் சேதி."