முன்பக்கத்துச் சிங்கம்

"மெல்ல, மெல்ல. இந்தப் பக்கம் சக்கரம் இடிக்குது" என்று படிக்குக் கீழேயிருந்து சொன்னாள் சின்னவள். மேலே சக்கர நாற்காலியைத் தாங்கிப் பிடித்திருந்த வேன் டிரைவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நாற்காலியில் இருந்த அக்காதான் சாவகாசமாக இருந்தாள்.

"நடுவுல நிக்காதீங்க. இறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்றாள் மூச்சு வாங்க. டிரைவர் சிரித்துவிட்டார். ஊர் பஸ்களில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவள். இதயம் தளர்ந்து உடம்பு முழுக்க நீர் கோத்த பிறகும் வாய் மட்டும் தளரவில்லை.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முந்தின நாள் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அதிகம் குடித்தால் நீர் இன்னும் கோக்கும் என்பதால், எப்போதும் போல அக்காவுக்கான தண்ணீரைச் சின்னவள் மருந்துக் குப்பியின் மூடியால் அளந்து கொடுத்தாள். மாதக்கணக்காக அதுதான் அவள் வேலை. குடத்தைக்கூட அக்காவின் கண்ணில் படாமல் தையல் மெஷினுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

இன்றைக்குப் பூங்காவில் சிங்கக் குழாயைத் திறக்கிறார்கள். பார்க்காமல் போகமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றுவிட்டாள்.

அந்தக் குழாயை நிறுவியவர் பெரிய தோல் வியாபாரி. கெட்ட தண்ணீர் குடித்து அவருடைய மகள் இறந்துபோனாள். இனி இந்த ஊரில் யாரும் நல்ல தண்ணீருக்கு அலையக் கூடாது என்று வார்ப்பிரும்பில் செய்யச் சொல்லி, கப்பலில் வரவழைத்தார். மேலே குடை போலக் கவிந்த கூரை, தூண்களில் சுற்றி ஏறும் இலைக்கொடி, மூன்று பக்கம் சிங்க முகம், சங்கிலியில் செம்புக் குவளைகள். 'யாரும்' என்று அவர் சொன்னது பூங்காக் கமிட்டியின் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அவரிடமே தோல் கழுவும் வேலை பார்த்தவர்களுக்குப் பின்பக்கம், முழங்கால் உயரத்தில் வெறும் குழாய். குவளை கிடையாது. கையேந்திக் குடிக்க வேண்டும்.

சகோதரிகளின் அப்பா தோல் கழுவியவர். விடுமுறை நாளில் மகள்களைப் பூங்காவுக்குக் கூட்டிவருவார். ஒருநாள் அக்கா அவர் கையை உதறிவிட்டு நேரே முன்பக்கம் போனாள். குவளையை எடுத்தாள், சிங்கத்தின் வாயில் பிடித்தாள், மடக் மடக்கென்று குடித்தாள். காவலாளி காதைத் திருகி இழுத்து வந்தான். அப்பா அவனைக் கும்பிட்டார். அடுத்த விடுமுறைக்குத் தெருவிலிருந்த பெண்பிள்ளைகள் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு போனாள் அக்கா. எத்தனை காதைத்தான் திருகுவான்? கொஞ்ச நாளில் பின்குழாயை அடைத்துவிட்டார்கள்.

பிறகு பம்பு கெட்டது. சரிசெய்ய ஆளில்லை. "எல்லாரும் ஒண்ணுன்னு ஆச்சு. உடனே யாருக்கும் தண்ணி இல்லைன்னு ஆக்கிட்டாங்க" என்று அக்கா பஸ்ஸில் பயணிகளிடம் சொல்வாள். குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அங்கே கார் நிறுத்தலாம் என்று நகரசபை முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்றிருந்த அக்கா மறுபடி பஸ் ஏறினாள். ஒவ்வொரு பஸ்ஸாகக் கையெழுத்து வாங்கினாள். சபைக் கூட்டத்தில் அவள் போட்ட சத்தம் தெருவரை கேட்டதாம். கடைசியில் குழாயைப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்டார்கள். "ஒரு குழாய்க்கா இந்தப் பாடு?" என்று வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கேட்பாள் சின்னவள். அதிகம் பேச அவளுக்கு வராது.

பூங்காவில் கூட்டம் நின்றிருந்தது. கரும்பச்சை வண்ணம் பூசிய குழாய் வெயிலில் பளபளத்தது. குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். நகரசபை இன்ஜினியர் தயங்கித் தயங்கி வந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. சேர்மனுக்கு வேற வேலை வந்துடுச்சு. விழா அடுத்த வாரம்."

"அடுத்த வாரமா" என்றாள் அக்கா. அவ்வளவுதான். சண்டை போடவில்லை.

சின்னவள் நாற்காலியை மர நிழலில் நிறுத்திவிட்டு இன்ஜினியரிடம் போனாள்.

"தண்ணிய திறந்து விடுங்க தம்பி."

"ஆர்டர் இல்லாம எப்படிம்மா?"

"எங்கக்காவுக்கு அடுத்த வாரம் இல்ல."

இன்ஜினியர் மர நிழலைப் பார்த்தார். சின்னவள் கைப்பையைத் திறந்து, நூல் வெட்டும் கத்தரியை எடுத்து, ரிப்பனை நறுக்கென்று வெட்டினாள். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"சேர்மன் கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"தையல்காரி வெட்டிட்டான்னு சொல்லுங்க. கடைக்கு வந்து கேக்கட்டும்."

அவர் தன் ஷூவைப் பார்த்தபடி பம்பு ஆளுக்குத் தலையசைத்தார். சிங்கம் முதலில் இருமியது. காற்று வந்தது, துருத் தண்ணீர் வந்தது, பிறகு கண்ணாடி மாதிரி கொட்ட ஆரம்பித்தது. நாற்காலியை முன்பக்கச் சிங்கத்தின் அருகே தள்ளிவந்து, சின்னவள் குவளையைப் பிடித்தாள். கால்வாசி நிரம்பியதும் கை தானாக நின்றது. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் குவளையை மறுபடி நீட்டி, விளிம்பு வழிய நிரப்பிக் கொடுத்தாள்.

அக்கா ஒரே மூச்சில் குடித்தாள். மோவாயிலும் கழுத்திலும் வழிந்தது.

"இன்னொண்ணு."

கொடுத்தாள்.

கூட்டம் முண்டியடித்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல், பூங்கா வாசல்வரை கேட்டது. "வரிசையா வாங்க, வரிசையா. சில்லறை எடுக்க வேணாம், எல்லாருக்கும் ஃப்ரீ." ஊரே சிரித்தது. மூன்று சிங்கங்களின் முன்னாலும் வரிசை நீண்டது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை குறைந்த பிறகு, அவள் கழுத்து ஈரத்தைத் துடைக்கக் குனிந்த சின்னவளின் கை பாதியில் நின்றது. பிறகு மெதுவாக, முழுவதும் துடைத்து முடித்தது. வேன் டிரைவர் தொப்பியைக் கழற்றினார்.

மறுநாள் பெட்டியைத் தூக்க டிப்போவிலிருந்து பழைய கூட்டாளிகள் சீருடையிலேயே வந்தார்கள். நல்ல வெயில். பூங்கா வாசலில் சின்னவள் சவ வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி உள்ளே போனார்கள்.

"மயானத்துல நேரம் சொல்லியிருக்காங்கம்மா" என்றார் வண்டி ஓட்டுபவர்.

"குடிச்சிட்டு வரட்டும்."

அவர் என்ஜினை அணைத்துவிட்டுத் தானும் இறங்கிப் போனார்.

சட்டை நனைந்து திரும்பி வந்து, பெட்டியின் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒருவருடைய மீசையிலிருந்து தண்ணீர் பெட்டியின் மூடியில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.