கரை நிச்சயமில்லாத ஏரி

தம்பிமுத்துவுக்கு முன்னால், வரைபடம் கீறும் வெளிச்சமேசையில் கிடந்தது அவர் ஒருநாளும் நேரில் கண்டிராத ஏரி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நாலாயிரம் அடி உயரத்துப் பாலைநிலத்தில், பறவைகளுக்கென்று ஒதுக்கிய சரணாலயத்தின் நடுவே அது இருந்தது. மட்டக்களப்பு நில அளவைக் கந்தோரில் இருபது வருடம் வரைபடம் கீறிய கை அவருடையது. ரொறொன்ரோவில் அந்தக் கையை நம்பி வேலை கொடுத்தது இந்த ஒரு கொம்பனிதான்.

அங்கே நிலம் அப்படியொரு தட்டை. தண்ணீர் ஓரடி ஏறினால் கரை ஒரு மைல் தள்ளிப் போய்விடும். 1981இல் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் புல்வெளி. 1986இல் எடுத்ததில் அதே இடத்தில் தண்ணீர். வேலிக்கட்டைகளின் நுனி மட்டும் தெரிந்தது.

“எந்தக் கரையைக் கீற?” என்று கேட்டார்.

மேற்பார்வையாளர் றொபேட் குனிந்து பார்த்தார். “நிச்சயமான இடத்தில் முழுக்கோடு. நிச்சயமில்லையென்றால் இடைவெளி விட்டு விட்டுக் கீறு.”

“எவ்வளவு காலத்துக்கு அப்படியே விடுறது?”

“யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை. ஏன், நீ போகிறாயா? நுளம்பு கடித்தே தின்றுவிடும்.”

தம்பிமுத்து சிரித்தார். பின்னேரம் முழுவதும் ஏரியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகளாகக் கீறினார்.

வேலை முடிந்ததும் தமிழர் நிறைய இருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்குடியிருப்புக்குப் போனார். அங்கே புனிதவதி, யாழ்ப்பாணத்துப் பெண், ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பாள். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கனடாவுக்குக் கூப்பிட அவர் போட்ட மனு ஒரு வருடமாக அசையவில்லை. மகன் மகேஸ்வரனின் மருத்துவ அறிக்கை வரவில்லையாம். அது எப்படி வரும்? இராணுவச் சுற்றிவளைப்பில் லொறியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அவனைக் கண்டவர் யாருமில்லை.

“அண்ணை, மகன்ரை பேரை வெட்டினால் அக்காவும் மகளும் வரலாம். வெட்டாட்டில் ரெண்டு பேரும் அங்கைதான். அக்கா என்ன எழுதினவ?”

அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மனைவி பரிமளம் இரண்டே வரிதான் எழுதியிருந்தாள். “தங்கேஸ்வரிக்குப் பதினாறு ஆகுது, அவளை நினைச்சு வெட்டுங்க. வெட்டிப்போட்டன் எண்டு எனக்கு மட்டும் எழுதாதீங்க.”

புனிதவதி மனுவையும் பேனையையும் கோடு போடும் அடிமட்டத்தையும் அவர் பக்கம் தள்ளினாள். அவர் மகனின் பெயர்மேல் அடிமட்டத்தை வைத்துக் கீறினார்.

“என்னண்ணை உது, துண்டு துண்டாக் கீறியிருக்கிறியள்? உதை ஏற்க மாட்டினம். முழுக்கோடு வேணும்.”

“நான் நேரில பார்க்கல்ல, பிள்ளை.”

புனிதவதி கடிதத்தை மடித்து அவர் கைக்கருகே வைத்தாள்.

கோட்டில் பதினொரு இடைவெளி இருந்தது. அடிமட்டம் அசையாமல் விரலால் அழுத்திக்கொண்டு, இடப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனார். பழகிய கை, கோடு எங்கும் விலகவில்லை.