வீக்கம் என்று எழுதிய படிவம்

ஹெஸ்ஸா இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒப்புதல் படிவம் ஒன்றை நான் திறக்கும்போதெல்லாம் அவள் கேட்கிறாள்: "ஒரு வீக்கத்துக்கா, உம்மு ராஷித், இவ்வளவு பெரிய மெஷின்?"

ரியாதில் உள்ள எங்கள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் நான் உறுப்பினர்; ஆய்வுகளில் சேர வருபவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை விளக்குவதும் என் வேலை. ராஷிதின் அம்மா என்பதால் எல்லோருக்கும் நான் உம்மு ராஷித். மூளைப் புற்றுக்குப் புரோட்டான் கதிர் நல்லதா, வழக்கமான கதிர் நல்லதா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். குலுக்கலுக்குச் சம்மதிக்காதவர் மருத்துவருடன் பேசித் தாமே தேர்ந்துகொள்ளலாம்.

எங்கள் வீடுகளில் அந்த நோயின் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. இந்த ஆய்வுக்கு வந்த ஹெஸ்ஸாவிடமும் அதைச் சொல்ல வேண்டாமென்று அவள் அண்ணன் கெஞ்சினான். அவளுடைய படிவத்தில் 'வீக்கம்' என்று எழுத நானே அனுமதித்தேன். வெறும் வீக்கத்துக்கு எந்தக் கதிர் என்று யார் கேட்பார்? சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள். குலுக்கலில் வழக்கமான கதிர் விழுந்தது. புரோட்டான் அவளைக் காப்பாற்றியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது, தெரியாததனால்தான் ஆய்வு. ஆயினும் தேர்வு அவளுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை முத்லக் தன் மனைவி ஜவாஹிரை அழைத்து வந்தான். அவளைக் கூடத்தில் அமர்த்திவிட்டு என் மேசைமேல் குனிந்தான்.

"உம்மு ராஷித், பேரை மட்டும் சொல்லிடாதீங்க. பூனை செத்தாலே மூணு நாள் சாப்பிடமாட்டா."

"நீ வெளியே இரு."

"வீக்கம்னா போதுமே. முன்னாடி ஒருத்திக்கு அப்படித்தான் எழுதினீங்களாமே."

ஒருத்திக்கு நான் காட்டிய சலுகை இதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது.

"அதனாலதான் சொல்றேன். வெளியே இரு, மகனே."

ஜவாஹிர் வந்து அமர்ந்தாள். கதவை மூடினேன். பெயரைச் சொன்னேன். அறையில் மூன்றாவதாக ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது.

ஜவாஹிர் அழவில்லை. "ரமதான்லயே தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டை கார் சீட்டுக்கு அடியில வெச்சிருந்தார். மனுஷனுக்கு ஒளிக்கக்கூடத் தெரியாது."

"ஏன் கேட்கலை?"

"கேட்டா உடைஞ்சிடுவார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் நிமிர்ந்து நிக்கிறார்."

அப்படியானால் ஹெஸ்ஸாவுக்கும் தெரிந்திருந்ததா? அந்தச் சிரிப்பு எங்களுக்காகவா? கேட்க வழியில்லை. தெரிந்திருந்தாலும் என் குற்றம் குறையாது. அவளை அந்தப் பெயரோடு தனியே விட்டிருக்கிறேன்.

குலுக்கலை முழுவதும் விளக்கினேன். ஜவாஹிர் படிவத்தை இரண்டு முறை படித்தாள்; பேனாவை மூடிவைத்தாள்.

முத்லக் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல," என்றாள் ஜவாஹிர். "இப்படி வந்து உட்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."