பளிச்சுன்னு விழுந்த படம்

ஒரு பூச்சிக்குப் பேரு தெரியலைன்னா என்ன குடியா முழுகிடும்னு நீங்க கேக்கலாம். குளியலறைச் சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற அந்துப்பூச்சி, அரிசி அளவுகூட இருக்காது. அதைப் போட்டோ எடுத்து, பூச்சிங்களுக்குப் பேரு கண்டுபிடிக்கிற ஒரு போன் குழுவுக்கு அனுப்புவேன். அங்க ஒரு மனுஷன் பேரு சொல்லுவார். வீட்டுக்காரர் போன பிறகு மகன் வீட்டுக்கு வந்தவ நான். அவனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிட்டா, சாயங்காலம் வரைக்கும் இங்க நானும் ஃப்ரிட்ஜ் சத்தமும்தான்.

அந்த மனுஷனுக்கு நான் வச்ச பேரு சிடுமூஞ்சி. மூஞ்சியைப் பாத்ததே இல்ல, எழுத்துலயே தெரியும். "றெக்கை ஓரம் தெரியல. பக்கவாட்டுல எடுங்க." "இது பூச்சியா, சுவத்து அழுக்கா?" என் வாய் மட்டும் சும்மா இருக்குமா? "உங்க கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க"ன்னு போடுவேன். பழைய போன், கை வேற நடுங்கும். பூச்சியை டப்பாவுல போட்டுக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சா அசையாம நிக்கும்னு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மருமக தயிர்னு நெனச்சு எடுத்துட்டு, "அத்தை, இதுல என்ன?"ன்னா. "விருந்தாளி"ன்னேன். அதையும் அவர்கிட்ட சொன்னேன். "விருந்தாளிக்கு சளி பிடிக்கப் போகுது, வெளிய எடுங்க"ன்னார். இப்படியே ஒரு பூச்சிக்கு ரெண்டு நாள் பேச்சு ஓடும்.

என் மகன் தங்கமான பிள்ளை. அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறாளேன்னு புது போன் வாங்கிட்டு வந்தான். அடேயப்பா, பூச்சியோட மீசையை எண்ணலாம். முதல் படத்தை ஆசை ஆசையா அனுப்பினேன். பதிலா பேரு மட்டும் வந்துச்சு. அடுத்ததுக்கும் அப்படித்தான். பேரு உறுதியாயிட்டா அந்தக் குழுவுல அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க, அது அங்க வழக்கம். "நன்றி"ன்னு எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்துச்சு. அந்த வாரம் முழுக்கக் கட்டைவிரல்தான்.

"போன் எப்படிம்மா இருக்கு?"ன்னு சாப்பிடும்போது மகன் கேட்டான். "அருமையா இருக்குப்பா"ன்னேன். முன்பின் பாக்காத ஒருத்தர் என்னைத் திட்ட மாட்டேங்கிறாரேன்னு இந்த வயசுல ஏங்கிக்கிட்டு இருக்கேன், இதைப் பெத்த பிள்ளைகிட்ட எந்த வாயால சொல்றது?

மறுநாள் ஜன்னல்ல சாம்பல் கலர்ல ஒண்ணு உக்காந்திருந்துச்சு. எண்ணெய் வச்ச தலையில விரலைத் தேச்சு, லென்ஸ் மேல நல்லா ஒரு அழுத்து அழுத்தினேன். படம் மூட்டமா விழுந்துச்சு. அனுப்பிட்டேன்.

பதில் உடனே வரல. அவருக்குப் புரிஞ்சு போச்சோன்னு வெக்கமா இருந்துச்சு. துணியைக் காயப்போட்டுட்டு வந்து பாத்தேன்.

"லென்ஸ்ல உங்க விரல் ரேகை தெளிவாத் தெரியுது. துடைச்சிடாதீங்க. இங்கயும் பேச ஆள் இல்ல."