கொடி நட்ட மணல்திட்டு

கோணமாமலையின் செங்குத்துப் பாறைமுகத்தில் விடியலொளி படர்ந்து, அதன் புறத்தே விரிந்த துறைமுகத்து ஆழ்நீரில் நங்கூரமிட்டுக் கிடந்த கலங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அவிந்து, கொட்டியாரக் குடாவின் அக்கரையில் மூதூரும் கட்டைபறிச்சானும் இன்னும் நீலமூட்டத்துள் மறைந்திருந்த வேளையில், உப்புவெளி கடந்து குச்சவெளிவரை வடக்கே நீண்ட கரையெங்கும் கச்சான் காற்று எழுந்து மணலைப் புரட்டிக்கொண்டிருந்தது. கச்சானை அறியாத அன்பர்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும். மேற்கிலிருந்து காடும் வயலும் கடந்து, தன் ஈரம் முழுவதையும் வழியிலேயே பறிகொடுத்துவிட்டு வந்துசேரும் வறண்ட காற்று அது. உறங்குவோரை எழுப்பும், எழுந்தோரை எரிச்சலூட்டும், கதவுகளை அடித்துச் சாத்தும், அது வீசும் திங்கள்களில் இக்கரையில் எவருக்கும் ஓரிடத்தில் கால் தரிக்காது. அந்த ஆண்டில் எவரினும் மிகுதியாகக் கால் தரிக்காமல் அலைந்தவள் அருள்மலர் என்பவள். அவளைப் பற்றியதே இக்கதை.

குச்சவெளிக் களப்பு கடலோடு கலக்கும் வாயருகே, இராவணன் மீசைப் புல் ஆங்காங்கே படர்ந்த மணல்திட்டு ஒன்று உண்டு. வெள்ளிய உடலும் கருந்தொப்பி அணிந்தாற்போன்ற தலையும் உடைய சின்ன ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் ஆண்டுதோறும் அத்திட்டுக்கு வந்து முட்டையிடும். அவற்றின் கூட்டைக் கூடு என்பதே மிகை. மார்பை மணலில் அழுத்திச் சுழன்று ஒரு சிறு குழி பறித்து, அதிலே மணலின் நிறமும் மணலின் புள்ளியும் கொண்ட முட்டைகளை இட்டு, உச்சிவெயிலில் அவை வெந்துபோகாதபடி தம் நிழலால் மூடி நிற்கும். முள்ளில்லை, மரமில்லை, மறைப்பில்லை. காண்பவர் கண்ணுக்குப் புலப்படாமையே அம்முட்டைகளுக்கு உள்ள ஒரே காவல்.

அத்திட்டின் முகப்போ அப்பகுதியிலேயே மீன் மிகுந்த வலைப்பாடு, வலை வளைக்கும் இடம். வலைக்கு உடையவரான சம்மாட்டி முனீபின் கரைவலை அங்கேதான் வளைக்கப்பட்டு, இருபுறமும் ஆட்கள் கயிறு பிடித்துப் பின்னடி வைத்துப் பின்னடி வைத்து இழுக்க, அவர்கள் காலடியில் எத்தனையோ முட்டைகள் எவரும் அறியாமலே நொறுங்கிப்போயின. உப்புவெளியில் கணவன் ஜக்சனோடு சிறியதொரு விருந்தினர் விடுதி நடத்திவந்த அருள்மலர், தன்னைப்போல் பறவைப் பித்துப் பிடித்த சிலரைச் சேர்த்துப் புள்நோக்கர் கழகம் என ஒன்றைத் தொடங்கி, அதன் தலைவியுமாகி, அந்தச் சம்மாட்டியின் வாசலுக்கு நடையாய் நடந்தாள். கெஞ்சினாள், விளக்கினாள், முட்டையின் படத்தைக் காட்டினாள். கடைசியில் முனீப், தெற்கே பாறை கிடந்து வலையைக் கிழிக்கும், மீன் குறைந்த ஏழைப்பாடு ஒன்றுக்குத் தம் தொழிலை மாற்றிக்கொள்ள இசைந்தார். ஆனால் ஒரு பேச்சு பேசியே இசைந்தார். இந்தப் பருவத்தில் ஒரு குஞ்சாவது பறந்தால் முட்டையிடும் காலங்களில் அத்திட்டு என்றும் ஆலாவுக்கே. ஒன்றும் பறக்காவிட்டால் வலை தன் பழைய இடத்துக்குத் திரும்பும்.

இனிக் கழகத்தாரின் உற்சாகத்தைக் கேளுங்கள். நகரில் மின்பொருள் கடை வைத்திருந்த ரிஷாத் என்னும் இளைஞன் கழகத்துக்குச் செயலாளன். மூளைக்கு ஓய்வு கொடுக்கத் தெரியாதவன். குடிக்கு ஒரு கூடு என்பது அவன் கண்ட திட்டம். குச்சவெளியிலும் உப்புவெளியிலும் விரும்பிய குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு கூட்டைத் தத்தெடுத்து, தன் கையால் தைத்த சிவப்புக் கொடியை அதன் அருகே நட வேண்டும்; கரைக்கு உலாவ வருவோர் கொடியைக் கண்டு விலகி நடப்பர். பங்குக்கோயிலில் பூசை முடிவிலும் பள்ளிவாசலில் வெள்ளித் தொழுகைக்குப் பின்னும் இது அறிவிக்கப்பட்டது. ஊர் இத்திட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பழஞ்சேலையைக் கிழித்தவர் சிலர். திரைச்சீலையை வெட்டியவர் சிலர். தம் வீட்டுக் கொடி அண்டை வீட்டுக் கொடியிலும் ஒரு சாண் உயர்ந்திருக்க வேண்டும் என்று கம்பு தேடியவர் பலர். திட்டு திருவிழாக் கோலம் பூண்டது. அருள்மலர் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். அந்தப் பூரிப்பை நான் பழிக்கமாட்டேன், நாமாயிருந்தாலும் பூரித்திருப்போம்.

முட்டைகள் மறையத் தொடங்கின. முதலில் ஒரு கூடு வெறுமையாயிற்று, பின் அதன் அயற்கூடு, பின் வரிசையாக. மணலில் நாயின் தடமில்லை, நரியின் தடமில்லை. இருந்த தடத்தையும் கச்சான் துடைத்துவிட்டிருந்தது. விடுதியின் உணவுக்கூடத்தில் கழகம் கூடியபோது ரிஷாத் எழுந்து, திட்டு வெறுமையானால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டு, சம்மாட்டியின் ஆட்களே இரவில் வந்து முட்டைகளை எடுக்கிறார்கள் என்று பச்சையாகவே சொல்லிவிட்டான். முனீபின் தம்பி மனைவி றஹ்மாவும் ஒரு கூட்டைத் தத்தெடுத்தவள் என்ற முறையில் அந்த அவையில் இருந்தாள். அவள் தலைவியின் முகத்தையே நோக்கினாள். தலைவி மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. றஹ்மா தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று தொட்டு அருள்மலருக்குச் சோறு இறங்கவில்லை. குசினி அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். விருந்தினர்க்கு உப்பில்லாக் கறி வைத்தாள். ஏன் இப்படி அந்தரப்படுகிறாய் என்று ஜக்சன் கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். சம்மாட்டியின் ஆட்கள்மேல் ஐயம் கொள்ளவும் அவளால் முடியவில்லை, கொள்ளாதிருக்கவும் முடியவில்லை. இறுதியில் கண்ணால் கண்டே தீர்வது என்று துணிந்து, வைகறையில் கரையோரப் பாதையால் செல்லும் முதற் பேருந்தேறிக் குச்சவெளி சேர்ந்து, திட்டுக்கு எதிரே கவிழ்ந்து கிடந்த பழந்தோணி ஒன்றின் மறைவில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

கதிரவன் கடலைவிட்டு எழுந்து ஒரு கம்பு உயரம் வந்தபோது காகம் ஒன்று பறந்து வந்து திட்டின் ஓரத்தில் இறங்கியது. அது மணலைத் தேடவில்லை. வானில் வட்டமிட்டு நோட்டம் பார்க்கவுமில்லை. அண்ணாந்து கொடியைப் பார்த்தது. பார்த்துவிட்டு, வீட்டு இலக்கம் பார்த்து நடக்கும் அஞ்சற்காரரைப்போல அமைதியாக நடந்து, கொடியின் அடிக்குப் போய், தலைமேல் பாய்ந்து பாய்ந்து கதறிய தாய் ஆலாவைச் சற்றும் பொருட்படுத்தாமல், குழியிலிருந்த முட்டையை உடைத்துக் குடித்தது. குடித்து முடித்து, அலகை மணலில் துடைத்து, மீண்டும் அண்ணாந்து, அடுத்த கொடியை நோக்கி நடந்தது.

தன்னை மறந்து கத்திக்கொண்டு ஓடினாள் அருள்மலர். காகம் எழுந்து போயிற்று. அதனோடு திட்டிலிருந்த ஆலாக்கள் அத்தனையும் எழுந்து வான் கிழியக் கூவின. தான் அங்கு நிற்கும் ஒவ்வொரு கணமும் மீதி முட்டைகள் நிழலின்றி வெயிலில் கிடக்கின்றன என்று உணர்ந்து, வந்த தடத்திலேயே பின்வாங்கி ஓடினாள். தோணியடியில் விழுந்து மூச்சிரைத்தாள். எவர் கண்ணிலும் படாதிருந்த முட்டைகளை, அன்பின் மிகுதியால் கொடி நட்டுக் காட்டிக்கொடுத்தவர்கள் தாங்களே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைவிட, களவு செய்யாதவர்களைக் கள்வர் என்றபோது தான் வாய்மூடி இருந்தது நெஞ்சைச் சுட்டது.

கொடிகளைப் பிடுங்கிவிட்டால் காகத்துக்கு வழி தெரியாது. ஆனால் ஓய்வுநாள்களில் உந்துருளிகளோடு வந்திறங்கும் உலாக்கூட்டத்துக்கும் கூடு தெரியாது. பகல் முழுதும் அக்கரையில் நின்று அவர்களைத் தடுக்கக்கூடியவர் எவர்? கடலோடும் கயிற்றோடும் அங்கேயே கிடந்து உழைக்கும் முனீபின் ஆட்களன்றி வேறொருவருமில்லை. போகக் கூசிய வாசலுக்கே போக வேண்டியவளானாள்.

தெற்கு வலைப்பாட்டில் வலை கரையேறிக்கொண்டிருந்தது. வலையின் மடியில் மீன் அதிகமில்லை. பாறையில் சிக்கிக் கிழிந்த இடத்தை முனீப் விரலால் அளந்துகொண்டிருந்தார். அருள்மலர், அண்ணனை அழைப்பதுபோல் அவரை நானா என்று விளித்து, ஆட்கள் எல்லாரும் கேட்கும்படியே சொன்னாள்.

"நானா, முட்டையளை எடுத்தது காகம். காகத்துக்கு வழி காட்டினது நாங்கள். ஒவ்வொரு கூட்டுக்கும் கொடி நட்டு நாங்களே காட்டிக் குடுத்திட்டம். கொடியளைப் பிடுங்கப் போறம், ஆனா பிறகு சனம் மிதிக்காமல் பாக்க எங்களிட்ட ஆளில்லை."

கயிறு பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். முனீப் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கட ஆக்களக் கள்ளன் எண்டு கதைச்ச நேரம், தங்கச்சி, நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லேல்ல. பேசாமல் இருந்தனான். அதுதான் எனக்குக் கூடின வெக்கம். நீங்கள் வலையைப் பழைய இடத்துக்கே கொண்டு வரலாம், நானா. மறிக்க எனக்கு வாயில்லை."

ஆட்களுள் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, முனீப் கையை உயர்த்தி அடக்கினார். பிறகு எழுந்து நின்று சொன்னார்.

"பிழை விட்டது நீங்க. அதுக்கு ஆலாவ ஏன் எழுப்ப வேணும்? எங்கட பேச்சு பேச்சுத்தான்; ஒரு குஞ்சாவது பறந்தாத் திட்டு அதுகளுக்கு. சனம் உள்ளுக்குப் போகாம எங்கட பொடியனுகள் பாப்பானுகள். ஆனா ஒண்டு. குஞ்சு பறக்குமட்டும் உங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்தத் திட்டுல கால் வைக்கப்படாது. நீங்களும்தான். கள்ளன் எண்ட கதைய நான் மறக்கமாட்டன், அது வேற."

"ஓம், நானா," என்றாள் அவள்.

மறுநாள் வெயில் ஏறுமுன்பே அருள்மலரும் ரிஷாத்தும் முனீபின் இசைவோடு, அவர் கண்முன்னே, கடைசி முறையாகத் திட்டில் இறங்கி, அடி பார்த்து அடி வைத்து, கொடிகள் அனைத்தையும் பிடுங்கி எடுத்தனர். சம்மாட்டியின் ஆட்கள் பழைய வலைக்கயிற்றைக் கூடுகளுக்கு வெகு தொலைவில் திட்டைச் சுற்றி வளைத்துக் கட்டினார்கள். எந்தக் கூடு எங்கே என்று இனி எந்தக் காகத்துக்கும் தெரியாது, எந்தக் கழகத்துக்கும் தெரியாது.

அதன்பின் தொடங்கியதே உண்மையான தவிப்பு. எங்கள் கொடியைக் கேளாமல் ஏன் பிடுங்கினீர்கள் என்று வந்த குடும்பங்களுக்கெல்லாம் அவள் வாய் வலிக்க விடை சொன்னாள். சிலர் ஏற்றனர், சிலர் முறுக்கிக்கொண்டு போயினர். ரிஷாத் றஹ்மாவின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டான். அவள் தேநீர் கொடுத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. அருள்மலரோ திட்டை நினைத்தபடி எழுந்தாள், திட்டை நினைத்தபடி படுத்தாள். பொரித்தனவா, பொரிக்கவில்லையா? காகம் தானே தேடக் கற்றுக்கொண்டதா? ஒருமுறை மனம் பொறுக்காமல் பேருந்தேறிக் குச்சவெளிவரை போய்விட்டாள். இறங்குமிடம் வந்தது, நடத்துநர் அவளைப் பார்த்தார், அவள் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்காமலே அடுத்த ஊர்வரை சென்று, எதிர்ப்பேருந்தில் திரும்பினாள். முனீபைக் கேட்கலாமே என்றான் ஜக்சன். கேட்கும் தகுதி தனக்கில்லை என்றாள். தூரத்தில் நின்று தவிப்பதைத் தவிர அந்தப் பறவைகளுக்காக அவளால் செய்யக்கூடியது எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. செயலுக்கே பழகியவளுக்கு அதனினும் கொடிய தண்டனை வேறில்லை.

கச்சான் தணியத் தொடங்கிய ஒரு காலையில், விடுதிக்குப் பின்னே கயிற்றில் வெள்ளை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தவளின் காதில் பழகிய கூவல் ஒன்று விழுந்தது. உப்புவெளிக் கடலின் ஆழமற்ற நீர்மேல் ஆலா ஒன்று சிறகடித்து ஓரிடத்தில் நின்று, கல்லாய் விழுந்து, மீனோடு எழுந்தது. அதன் பின்னே மற்றொன்று வந்தது. வால் குட்டை, முதுகில் மணல்நிறச் செதில் கோலம், நெற்றியில் கறுப்பு இன்னும் நிரம்பவில்லை. அதுவும் சிறகடித்து நின்று பார்த்தது, விழுந்தது, வெறும் வாயோடு எழுந்தது. மறுபடி விழுந்தது, மறுபடி வெறும் வாய். பின்னர் பொறுமை இழந்து வாயைத் திறந்துகொண்டு தாயின் பின்னே பறந்து ஓலமிட, தாய் திரும்பி வந்து தன் வாய்மீனை அதற்கு ஊட்டியது.

விரிப்பு கைதவறி மணலில் விழுந்ததை அவள் அறியவில்லை. ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்து, முனீபை அழைத்து, கண்டதைச் சொன்னாள். மறுமுனையில் அலையோசையும் ஆட்களின் ஓசையும் கேட்டன.

"எனக்கு முந்தியே தெரியும்," என்றார் முனீப். "நாலஞ்சு பறந்திட்டுது. நீங்க சொன்ன சொல்லுல நிக்கிறீங்களா எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இனி வலை அங்க வராது. நீங்க வந்து பாக்கலாம், தங்கச்சி."

அவள் நன்றி சொல்லிவிட்டு அழுதாள். ஜக்சன் ஓடிவந்து, பறந்துவிட்டனவே, இன்னும் எதற்கு அழுகை என்று கேட்டான். பறந்தவற்றுக்காக அவள் அழவில்லை. அண்ணாந்து பார்த்து நடந்த அந்தக் காகத்தின் அலகில் முடிந்துபோனவற்றுக்காக, எந்த வானத்திலும் இனிப் பறக்காதவற்றுக்காக அழுதாள். கடலில் அந்தக் குஞ்சு மீண்டும் மீண்டும் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. நேசிப்பவற்றின் அருகே செல்ல நாம் அனைவரும் அறிவோம், அன்பர்களே. செல்லாமல் நிற்பதற்கு அருள்மலர் கொடுத்த விலை சிறிதன்று. வரலாம் என்ற சொல் கிடைத்தும், அன்றும் அவள் திட்டுக்குப் போகவில்லை.