வழக்கம்போல் நான்கு கேள்விகள்

வகுப்பறை வாசலில் இருந்த செருப்பு அடுக்கு முழங்கால் உயரம்தான். காவலாளி அதன் பக்கத்தில் விறைப்பாக நின்றார். ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒன்பது மணிக்கு வேலை. சீருடை மாட்டிக்கொண்டுதான் மகளைக் கொண்டுவந்து விடுவார். உள்ளே போன பிள்ளைகளில் இரண்டு அவருக்கு சல்யூட் அடித்தன. அவரும் திருப்பி அடித்தார். மகள் யாரையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வெளியே வந்தார்.

“வண்டுன்னு கூப்பிடுறீங்களே இவள, எதுக்கு?”

“வீட்டுல வாய் மூடமாட்டா டீச்சர். எந்நேரமும் ரீங்காரம்தான்.”

“ஏழு மாசமாச்சு. இங்க நான் ஒரு சத்தம் கேட்டதில்ல.”

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். பேச்சு வராத பிள்ளைகளைச் சோதிக்கும் அம்மா வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வருகிறார். அவர் முன்னால் வகுப்பில் ஒரு வாக்கியமாவது பேசாவிட்டால் வேறு பள்ளிக்கு மாற்றி எழுதிவிடுவார். அந்தப் பள்ளி இரண்டு பஸ் தள்ளி இருந்தது. கொண்டுபோய் விடுவதற்கும் கூட்டிவருவதற்கும் வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும்.

“இந்த வாரம் வகுப்புல வேலை செய்யறவங்களப் பத்தி. டாக்டர், டிரைவர், தபால்காரர். வீட்டுலயும் அதப் பேசுங்க. அவ என்ன பேசறாளோ அத இதுல எழுதுங்க. எப்ப, எங்க, யார்கிட்ட.”

“நேரம் போட்டா?”

“போட்டா ரொம்ப நல்லது.”

“போட்டுடலாம் டீச்சர்.”

பதினோரு வருடமாக அவர் எழுதிவருவது அந்த அலுவலகக் கட்டடத்தின் கேட் பதிவேடு. வண்டி எண், வந்த நேரம், போன நேரம், யாரைப் பார்க்க, கையெழுத்து. நோட்டை வாங்கியதும் அங்கேயே செருப்பு அடுக்கின் மேல் வைத்து ஸ்கேலில்லாமல் நேராக ஐந்து கோடு போட்டார். முதல் வரியை எழுதினார்.

திங்கள், காலை 8.25 முதல் 12.30 – பள்ளி. நான் இல்லை.

அவருடைய மனைவி மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை செய்தாள். விடிவதற்குள் கிளம்பினால் மூன்றேகாலுக்கு வீடு. மத்தியானம் பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவது கீழ் வீட்டு இஸ்திரி அக்கா. இரவு அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அவருக்குக் கிடைப்பது காலை மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை மனைவி தலைமுடியை முடிந்துகொண்டே, முந்தின நாள் சாயங்காலம் பிள்ளை பேசியதைச் சொன்னாள். அவர் எழுதி முடித்து நோட்டை அவளிடம் நீட்டினார்.

“என்ன?”

“கையெழுத்து. நான் பாக்காதது இது. பாத்தவங்க போடணும்.”

“நான் உனக்குப் பொண்டாட்டியா, லாரி டிரைவரா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே கட்டம்தான். போடு.”

“மத்தியானத்துக்கு என்ன பண்ணுவ? ஏதாவது எழுதி ரொப்பிடு. யாரு வந்து பாக்கப் போறா?”

“பாக்காதத எழுதக் கூடாது.”

“அப்படியே எழுதி எழுதி பெரிய ஆளாயிட்ட” என்றாள். ஆனால் கையெழுத்துப் போட்டாள். இரவு அவர் திரும்பியதும் இஸ்திரி அக்காவும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டாள்.

காலை ஐந்தே முக்காலுக்குப் பிள்ளை எழும். அவர் ஒரு கையால் பால் காய்ச்சிக்கொண்டு மறு கையால் எழுதினார். பள்ளிக்குப் போகும் வழியில் கண்ட வேலைகளை அவளைச் சொல்ல வைத்தார். குப்பை வண்டிக்காரர், பூட்டு ரிப்பேர் கடை, சாக்கடைக்குள் தலை மட்டும் தெரிந்த ஆள். பள்ளித் தெருமுனை வரை அவள் பேசினாள். முனை திரும்பியதும் நிறுத்தினாள். அதையும் நேரம் போட்டு எழுதினார்.

புதன்கிழமை இஸ்திரி அக்காவுக்குக் காய்ச்சல். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. காவலாளி சூப்பர்வைசரிடம் கெஞ்சி அரை மணி நேரம் வாங்கி, ஓடிப்போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து, கேட் கூண்டுக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்காரவைத்தார். மனைவி வேலை முடிந்து நேராக அங்கேயே வந்தாள். அவள் கைகள் சலவைச் சோடாவில் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“அழுதாளா?”

“இல்ல.”

“என்ன பண்ணா இவ்வளவு நேரம்?”

“பாத்துக்கிட்டிருந்தா.”

“எத?”

“வண்டி வரும், போகும். வேற என்ன இருக்கு இங்க?”

மனைவி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலை நோட்டை வாங்கிய டீச்சர், பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு நின்றபடியே படித்தார். முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர்தான். அட்டைப் பெட்டிகளை ஒட்டி அவரே செய்த பஸ் அறையின் நடுவில் நின்றது. அதற்குள் நாலு பேர் ஏறி ஸ்டியரிங்குக்குச் சண்டை போட்டார்கள். டீச்சர் தலையைத் தூக்காமலே, “டிரைவர் ஒருத்தர்தான், மத்தவங்க டிக்கெட் எடுங்க” என்றார். சண்டை நின்றது.

படித்துக்கொண்டே சிரித்தார். “‘6.10, பல் துலக்கும்போது பேச்சு, நுரை காரணமாகப் புரியவில்லை.’ எனக்குப் பெரிய படிப்பு படிச்சவங்களே இப்படி எழுதித் தந்ததில்ல.”

காவலாளி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பஸ்ஸைப் பார்த்தார்.

டீச்சரின் விரல் ஒரு வரியில் நின்றது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கும் அதே வரி இருந்தது.

“‘7.05, கதவை மறித்தாள். வழக்கம்போல் நான்கு கேள்விகள்.’ என்ன கேள்விங்க இது?”

“அது பேச்சு இல்ல டீச்சர். விளையாட்டு. நான் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வருவேன். வழிய மறிச்சுக்கிட்டு, பேர் என்ன, எங்கேருந்து வர்றீங்க, யாரப் பாக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னுவா. போட்டாத்தான் விடுவா.”

“தினமுமா?”

“பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து.”

டீச்சர் நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “டாக்டர் கோட்டு வச்சேன், தபால் பை வச்சேன். உங்க வேலைய வைக்கத் தோணல பாருங்க எனக்கு.”

அவர் கிளம்புவதற்குள்ளேயே வாசலில் ஒரு குட்டி நாற்காலி வந்துவிட்டது. பக்கத்தில் பழைய நோட்டு, நூலில் கட்டிய பென்சில். டீச்சர் வண்டுவைக் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கதவோரமாகத் தரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வண்டு தானாக எழுந்து வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஒரு தடிப் பையன் உள்ளே போகப் பார்த்தான். அவள் கையை நீட்டி மறித்தாள். உதடு அசைந்தது.

“டீச்சர், இவ என்னமோ கேக்கறா, காதுல விழல.”

“குனிஞ்சு கேளு. கேட்டைத் தாண்டணும்னா கேட்டுத்தான் ஆகணும்.”

அவன் குனிந்தான். பிறகு நிமிர்ந்து தன் பேரைச் சொன்னான். டீச்சர் தேடுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஜன்னல் வழியாக, தெருவில் நின்ற காவலாளியைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ஒரு வார்த்தை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவரும் வர வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். சூப்பர்வைசர், “உனக்குப் பதிலா உங்கப்பன் வந்து நிப்பானா?” என்றார். நின்றது இரவுக் காவலாளி. பன்னிரண்டு மணி நேரம் நின்று முடித்தவர்.

“நீ போ. நின்னது நின்னாச்சு, இன்னும் ரெண்டு மணி நேரத்துல காலு புதுசாவா வலிக்கப் போகுது?” என்று தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

சோதிக்கும் அம்மா பிள்ளைகள் உட்காரும் நாற்காலி ஒன்றில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல். வாசல் நாற்காலியில் வண்டு. டீச்சர் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வரிசையாக அனுப்பினார்.

“பேரு?” என்றாள் வண்டு. காற்றுப் போலத்தான் வந்தது. அடுத்தவனிடமும் “பேரு?” அதற்கடுத்தவளிடமும் அதுவே.

சோதிக்கும் அம்மா பேனாவை மூடினார். “ஒத்த வார்த்தை போதாது டீச்சர். வாக்கியமா வரணும். நேரமாச்சு, இன்னும் ரெண்டு ஸ்கூல் போகணும் நான்.”

“ஒருத்தர் பாக்கி இருக்கார்” என்றார் டீச்சர்.

காவலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பேர், ஊர், யாரைப் பார்க்க, கையெழுத்து. நான்குக்கும் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வலது காலை உள்ளே வைத்தார்.

வண்டு சீருடையைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள். இடது கையைக் காதோரம் வைத்துக்கொண்டாள், புதன்கிழமை அலுவலக வாசலில் ஃபோன் பேசிக்கொண்டே வந்தவர்போல. வலது கையை அவரைப் பார்க்காமலே வெளிப்பக்கம் வீசினாள்.

“வாட்ச்மேன் எல்லாம் உள்ள வரக் கூடாது. எத்தன தடவ சொல்றது? தண்ணி வேணும்னா தெருவுல போய்க் குடி.”

கணீரென்று வந்தது. அட்டை பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரின் கை வாய்க்குப் போனது.

சோதிக்கும் அம்மா பேனாவைத் திறந்து விரல்விட்டு எண்ணினார். “மூணு வாக்கியம். பதிமூணு வார்த்தை. உச்சரிப்பு சுத்தம்.” எழுதிக்கொண்டே சொன்னார். “எங்கயும் மாத்த வேண்டாம். இங்கயே படிக்கட்டும்.”

டீச்சர் காவலாளியைப் பார்த்தார். காவலாளியின் கண்கள் நிறைந்திருந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு. உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே வைத்துக்கொண்டார்.

“சரிங்க மேடம்” என்றார் மகளிடம்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் குதிகால்களைச் சேர்த்து, செருப்பு அடுக்கின் பக்கத்தில் நின்றார்.