சுவருக்குள் வந்த மீன்

1

இந்தக் கதையில் வரும் ஒருவன் மேல் எனக்குத் தீராத கோபம். அவனைத் திட்டுவதற்காகவே எழுத உட்கார்ந்தேன். யாரென்று இப்போதே சொன்னால் மீதியைப் படிக்கமாட்டீர்கள். மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"கொட்டகலை மலைகளின் மேல் பனி ஒரு வெண்பட்டுச் சேலையைப் போல…"

வேண்டாம். பனியை இப்படி எழுதுகிறவன் காய்ந்த பாயில் படுக்கிறவன். வீரம்மாவின் பாய் காய்ந்ததே இல்லை.

இரண்டாவது:

"வீரம்மா என்றொரு ஏழைப் பெண்…"

இதுவும் வேண்டாம். அவளைப் பார்த்து யாரும் பாவம் என்று சொன்னதில்லை. சொல்லப் பயப்படுவார்கள்.

சரி, நடந்தது நடந்தபடி.

2

வருடம் 1954. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். சரிவில் கட்டிய லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதன் கடைசிக் காம்பராவுக்கு அடியில், மலையைக் குடைந்தாற்போல் ஓர் அறை. முன்பு கொழுந்துச் சாக்குகளைப் போட்டுவைத்த கிடங்கு. லயத்தில் குடும்பங்கள் பெருகியதும் அதற்கு ஒரு கதவை மாட்டி, காம்பரா என்று பேர் சொல்லி, வீரம்மாவுக்கும் அவள் புருஷன் சிவசாமிக்கும் கொடுத்துவிட்டார்கள். மூன்று பக்கமும் மண். பின்சுவர் எந்நேரமும் கசியும். அரிசிப் பானையில் பூஞ்சை, சேலை மடிப்பில் பூஞ்சை. அவர்களுடைய நான்கு வயது மகள் நாகலெட்சுமிக்கு நெஞ்சில் சளி.

தோட்டத்து மருந்தய்யா குழந்தையின் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு, ஈரத்தில் படுக்கவைக்காதே என்றார். வேறு எங்கே படுக்கவைப்பது என்று வீரம்மா கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் சும்மா இருக்கவில்லை. சுவரில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அப்பினாள். பத்து நாளில் பாளம் பாளமாக உதிர்ந்தது. தார் பூசினாள், தார் அப்படியே நின்றது, தண்ணீர் அதற்குக் கீழே வழி கண்டுபிடித்தது. சிவசாமிக்குத் தோட்டத்தில் கான் வெட்டும் வேலை. மழைத்தண்ணீர் ஓட மலையில் வாய்க்கால் இழுப்பதில் அவனுக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. அவன் லயத்தைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் கான் வெட்டினான். கான் காய்ந்துகிடந்தது. சுவர் ஒழுகியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீரம்மா மீன் பிடிக்கப் போவாள். (இந்த இடத்தில் என் பேனா தயங்கியது. பசிக்காகப் போனாள் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது பொய்.) பிடிக்கும், அதனால் போனாள். மூங்கில் கழி, நரம்பு, கொட்டாங்கச்சியில் மண்புழு. பொம்பளை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறாள் என்று லயத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கெண்டை கிடைக்கும், சில நாள் விலாங்கு. சின்னதைத் திரும்ப விட்டுவிடுவாள். நரம்பு விரலில் லேசாகத் துடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் அவள் முகம் இளகும் என்று சிவசாமி சொல்வான்.

தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே அடியால் இழுக்கும் என்பது அவளுக்குப் பார்த்ததும் தெரியும். அதனால்தான் அந்த ஆடியில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒன்பது நாளாக மழை இல்லை. சுவர் மட்டும் அதே அளவில் ஒழுகியது.

"மழைத் தண்ணின்னா மழையோட நிக்கணும்ல. இது எங்கிருந்தோ ஓடி வர்ற தண்ணிங்க" என்றாள் சிவசாமியிடம்.

அன்று பகலில், பின்சுவரின் அடியில் ஆடிய ஒரு கல்லை அலவாங்கால், அந்த இரும்புக் கடப்பாரையால், நெம்பி எடுத்தாள். தண்ணீர் குபுக்கென்று தள்ளியது. அதோடு ஒரு மீன் வந்து தரையில் விழுந்து துள்ளியது.

விரல் நீள மீன். பக்கவாட்டில், யாரோ விரலால் அழுத்திவிட்டதுபோல் வரிசையாகக் கருந்தழும்புகள். அவர்களுடைய ஆற்றில் இல்லாத மீன். அந்தச் சாதி தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு: மேலே, தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் பங்களாக் குளத்தில். வருகிற தொரைமார் தூண்டில் போட்டு விளையாட வளர்க்கும் மீன். குளத்தின் மிச்சத் தண்ணீர் போகப் புதைத்திருந்த பழைய கல்கான் எங்கோ உடைந்து, அவ்வளவு தண்ணீரும் வருடக்கணக்காக அவள் மகள் படுக்கும் சுவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

(இதை நம்ப மறுக்கிறவர்கள் இருப்பீர்கள். ஒருவன் அப்போதே மறுத்தான். அவனிடம்தான் இப்போது போகிறோம்.)

3

மீனை ஒரு பால்மா டப்பாவில் தண்ணீரோடு போட்டு, வீரம்மா நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே ஒரு கிளாக்கர். யாழ்ப்பாணத்து ஆள், பெயர் சிவபாதம். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. தொரைக்கு மனு எழுதவேண்டுமென்றால் அவரிடம்தான் போகவேண்டும். அவர்…

அவர் என்ன அவர். அது நான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அவள் நின்றாள், நான் உட்கார்ந்திருந்தேன். டப்பாவை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மீனைப் பற்றி எழுதச் சொன்னாள். டப்பாவையும் மனுவோடு உள்ளே அனுப்பச் சொன்னாள்.

"சுவருக்குள்ளால மீன் வந்தது எண்டு எழுதினால் துரை சிரிப்பார். நான் எழுதிறபடி எழுதிறன், நீ கைநாட்டு வை" என்றேன்.

எழுதினேன், நல்ல இங்கிலீஷில். மழைக்காலத்தில் சுவரில் சிறிது ஈரம் காண்பதாகவும், தங்கள் கருணையால் பழுதுபார்த்துத் தரும்படி பணிவோடு வேண்டுவதாகவும். மழை என்று அவள் சொல்லவே இல்லை. பணிவு என்றும் சொல்லவில்லை. மீன் அந்தத் தாளில் இல்லை. பிற்பகலில் டப்பாவைப் பார்த்தேன்; வயிறு மேலாக மிதந்தது. யன்னலால் கொட்டினேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது: சுவருக்கு வெள்ளை அடிக்கவும். அடித்தார்கள். நான்கு நாள் வெள்ளையாக இருந்தது. வீரம்மா மறுபடி வந்து நின்றாள்.

"மீனப் பத்தித் தொர என்னங்கய்யா சொன்னாரு?"

நான் பேரேட்டைப் புரட்டினேன்.

"நீங்க எழுதலையா?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மேசைமேல் அந்த டப்பா இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். போய்விட்டாள்.

4

இங்கே ஒரு மனமாற்றம் வந்தால் கதை அழகாக இருக்கும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னார். கிளாக்கர் அன்றே இரண்டாவது மனு எழுதுகிறான், தொரையின் கண் கலங்க… அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் சாப்பிடப் போனேன்.

அடுத்த ஞாயிறு காலை வீரம்மா தூண்டிலை எடுக்கவில்லை. அலவாங்கை எடுத்தாள். லயத்துக்கு மேலே தேயிலைக்குள் ஏறி, மண்ணைக் குத்திக் குத்தி, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, கல்கானைக் கண்டுபிடித்தாள். பங்களா ரோட்டுக்கு அந்தப் பக்கம் அதைத் தோண்டித் திறந்தாள். சிவசாமி பின்னாலேயே ஓடிவந்து, வேண்டாம், பேர் வெட்டித் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று கெஞ்சினான். அவள் திரும்பவில்லை. கானை அடைத்து, தண்ணீரை ஓடைப்பக்கம் திருப்ப மண்ணைக் கொத்தினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், "இப்படி வெட்டுனா தண்ணி திரும்பி வரும் புள்ள. வாட்டம் பத்தாது. தள்ளு" என்று மண்வெட்டியை வாங்கினான்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பங்களா ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தண்ணீர் ஓடைக்குப் போனது. மூன்றாம் நாள் கீழ்க்காம்பராச் சுவரில் கை வைத்தால் கை நனையவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, திங்கட்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் விசாரணை வந்துவிட்டது.

5

தொரை புதியவர். வந்து ஆறு மாதம். தமிழில் வேலை வாங்கப் போதுமான சொற்கள்தான் தெரியும். அதனால் நடுவில் நான்.

ரோட்டை ஏன் வெட்டினாள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒங்க கொளத்து மீனு எங்க செவுத்துல வந்துச்சுங்க. எம் புள்ள அந்தத் தண்ணியிலதான் இத்தன வருசமாப் படுத்துக் கெடந்தா. மீன உசிரோடதான் கொண்டாந்தேன். எழுதத் தெரிஞ்ச இந்தய்யா அதக் கொன்னுட்டாரு."

நான் மொழிபெயர்த்தேன். அறியாமல் செய்துவிட்டாளாம், மன்னிப்புக் கேட்கிறாளாம் என்றேன்.

(அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று இந்த இடத்தில் பலமுறை எழுதி, பலமுறை அடித்துவிட்டேன். அவள் பேச்சின் கடைசி வாக்கியம் என்னைப் பற்றியது. அதைத் தொரை கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.)

தொரை தலையசைத்து, போகலாம் என்று கைகாட்டினார். வெளியே வராந்தாவில் அவள் கேட்டாள்.

"நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

"மன்னிப்புக் கேட்டாய் எண்டு சொல்லிப்போட்டன். இனி ஒண்டும் செய்யமாட்டார். வீட்டை போ."

சிவசாமி கும்பிட்டான். அவள் திரும்பி உள்ளே போனாள். கூப்பிடாமல் அந்தக் கதவுக்குள் ஒரு தொழிலாளி போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னால் ஓடினேன். அவள் மேசைக்கு முன்னால் நின்று, என்னை நோக்கிக் கையை நீட்டி, ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"பொய்."

தோட்டத்துக்கு வரும் தொரைமார் முதலில் படிக்கும் தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. அவருக்கு விளங்கியது.

6

பின்னால் நடந்தது சுருக்கமானது. ஒரு வாரத்தில் அவர்களுக்கு வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டுக் கிடைத்தது, பேர் வெட்டிவிட்டார்கள். றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்ந்ததாகக் கேள்வி. நாகலெட்சுமிக்குச் சளி விட்டதா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கும் தைரியம் வரவில்லை. தண்ணீரை யாரும் திருப்பிவிடவில்லை. சிவசாமியின் கான் அவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே சொன்னார். காய்ந்த அந்த அறைக்கு வேறு ஒரு குடும்பம் வந்தது. நான் பதவி உயர்ந்து, ஓய்வு பெற்று, எழுத்தாளன் என்றும் பெயர் வாங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் மீதி. அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும் தொரை பேனாவை மூடிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவள் உண்மையில் என்ன சொன்னாள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். வீரம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சொன்ன பதிலை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதிலும் கை வைப்பேன். ஐந்தாம் பகுதியில் அவள் பேசியது அவள் வாயில் வந்தபடியே இருக்கிறது. தொரை காத்திருக்கிறார். அதை அவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.